ஏணிப்படியும் அரும்பு, மொட்டு, மலரும்

ஒரே வகுப்பறையில் முப்பது பிள்ளைகள். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கும் பிள்ளையும் அங்கே இருக்கிறது, எழுத்துக்கூட்டி ஒரு சொல்லை முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் பிள்ளையும் இருக்கிறது. ஆசிரியர் யாருக்குப் பாடம் நடத்துவது? தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் இருபது ஆண்டுகளுக்குள் இரண்டு முறை, மாநிலம் தழுவிய அளவில், இந்தக் கேள்விக்கு விடை தேடின. முதலாவது செயல்வழிக் கற்றல், அடுத்தது எண்ணும் எழுத்தும். வகுப்பின் நடுவாந்தரப் பிள்ளையை மனத்தில் வைத்து எல்லாருக்கும் ஒரே பாடத்தை நடத்திவிட்டுப் போகும் பழக்கத்தை இரண்டுமே கைவிட்டன. அதனால், பழையதுதான் புதுப் பெயரில் வந்திருக்கிறது என்று சொல்லுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பிள்ளை படிப்பில் எங்கே நிற்கிறது என்பது யாருக்குத் தெரிந்திருக்கிறது? அந்த இடத்தில் இரண்டும் வெவ்வேறு வழியில் போகின்றன.

செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், அதற்கு முன் வேலூரில் ஆட்சியராக இருந்தபோது, வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைத் தொழிலாளர்களுக்குக் கல்வி கொடுக்க முயன்றவர். பத்து வயதில் முதல்முறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளையை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்பது அவருக்கு ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. அவர் பார்த்த முன்மாதிரி ஆந்திரத்தின் ரிஷிவேலியில் இருந்தது. அங்கே பத்மநாப ராவ், ராமா தம்பதியர் சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடநூலைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்திருந்தார்கள். அதற்கும் முன்னால் கோலார் மாவட்டத்தின் நீல்பாக் பள்ளியில் டேவிட் ஹார்ஸ்பர்க் நடத்திய சோதனைகள் உண்டு. ஆக, ரிஷிவேலியைச் சுற்றிய மதனப்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களில், ஒற்றை ஆசிரியர் நடத்தும் சின்னஞ்சிறு பள்ளிகளில் பழுத்த ஒரு முறை சென்னையின் நெரிசலான வட்டாரங்களுக்கு வந்து, 2007-08-இல் மாநிலத்தின் ஏறத்தாழ 37,000 தொடக்கப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த வகுப்பறையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மேசை, நாற்காலி கிடையாது. ஆசிரியர் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார். சுவரின் அடிப்பகுதி முழுவதும் கீழ்மட்டக் கரும்பலகை, அதில் பிள்ளைக்கு ஒரு பகுதி. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் அவர்கள் வரைந்த படங்களும் செய்த பொருள்களும் தொங்கும். வருகையைப் பிள்ளைகளே பதிவு செய்வார்கள். ஆரோக்கியச் சக்கரத்தின் முன் நின்று நகம் வெட்டியிருக்கிறதா, தலை வாரியிருக்கிறதா என்று தாங்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் முறையின் உயிர் சுவரில் தொங்கிய ஏணிப்படியில் இருந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று. படிதோறும் ஒரு சின்னமும் ஓர் எண்ணும் இருக்கும். பிள்ளை போய்த் தன் படியைத் தேடிப் பார்க்கும், அதே சின்னம் போட்ட தட்டிலிருந்து அட்டையை எடுக்கும், அந்தச் சின்னம் சொல்லும் குழுவில் போய் உட்காரும். ஆறு குழுக்கள் இருந்தன: ஆசிரியர் முழுமையாக உதவுவது, பகுதியளவு உதவுவது, சக மாணவர் முழுமையாக உதவுவது, பகுதியளவு உதவுவது, தானே கற்பது, கடைசியாக மதிப்பீடு. அட்டையை முடித்துவிட்டால் அடுத்த படி. யாரும் யாரையும் தோல்வி என்று அறிவிப்பதில்லை.

இந்த ஏற்பாட்டின் அருமை தெரிய வேண்டுமானால் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்களைப் பற்றி யோசிக்க வேண்டும். தை மாதவாக்கில் முன்பணம் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சூளைக்குப் போனால், மழை பிடிக்கும்போதுதான் ஊர் திரும்புவார்கள். அதற்குள் ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும், புது வகுப்பும் தொடங்கியிருக்கும். அப்படிப் போன ஒரு சிறுமி பாடநூல் வகுப்புக்குத் திரும்பி வரும்போது, வகுப்பு பல பாடங்கள் தாண்டியிருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து, அடுத்தவள் நோட்டைப் பார்த்து எழுத வேண்டியதுதான். பல பிள்ளைகளின் படிப்பு நின்றுபோவது இப்படித்தான். ஏணிப்படி வகுப்பில் அவள் போகும்போது எந்தப் படியில் இருந்தாளோ அந்தப் படி அப்படியே அவளுக்காக இருக்கும். ஆசிரியர் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவளே தட்டைத் திறந்து அட்டையை எடுத்துக்கொள்ளலாம். எல்லாரையும் உள்ளடக்கும் கல்வி என்று கருத்தரங்குகளில் பேசுகிறோமே, அதை இவ்வளவு எளிதாகவும் இவ்வளவு மரியாதையோடும் செய்து காட்டிய வேறொரு ஏற்பாட்டை நம் அரசுப் பள்ளிகளில் நான் அறியேன்.

அப்படியிருந்தும் அது ஏன் நிலைக்கவில்லை? பதின்மூன்று பள்ளிகளில் ஆசிரியர்கள் பார்த்து, பேசி, பழகி ஏற்றுக்கொண்ட முறை, முப்பத்தேழாயிரம் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கையாகப் போனது முதல் காரணம். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. இருபத்தேழாம் படியின் அட்டை இல்லையென்றால் ஒரு பிள்ளையின் படிப்பு இருபத்தாறில் நின்றுவிடும். புதிய அட்டை வரும்வரை என்ன செய்வது என்பதற்கு ஊர்ப் பள்ளியில் விடை இல்லை. “புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே” என்று பெற்றோர் கேட்டார்கள். அது அறியாமையில் கேட்ட கேள்வியன்று. தெருவின் மறுபக்கத்து மெட்ரிக் பள்ளிப் பிள்ளையின் பை நிறையப் புத்தகம் இருப்பதைப் பார்த்துக் கேட்டது. மேல்வகுப்பில் திடீரென்று பாடநூலுக்கு மாறும்போது பிள்ளைகள் திணறினார்கள். 2012-13-இல் முப்பருவ முறையோடு புத்தகமும் அட்டையும் கலந்த எளிய வடிவம் ஒன்று வந்தது. 2018-க்குப் பிறகு புதிய பாடநூல்கள் வர, ஏணிப்படி சுவரிலிருந்து மெல்ல மறைந்தது.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. வகுப்பு முழுவதும் ஒன்றாக ஒரு கதையைக் கேட்டு ஒன்றாகச் சிரிக்கும் நேரம் அந்த முறையில் சுருங்கிப்போனது. ஆளுக்கோர் அட்டை என்று ஆனபோது மெதுவாக நகரும் பிள்ளை அட்டையோடு தனியாக இருந்தது. மொழி அட்டையிலிருந்து வருவதைவிட, பேசும் வாயிலிருந்து வருவதுதான் அதிகம். வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட ஒரு பெரியவர் வேண்டும்.

எண்ணும் எழுத்தும் அந்த இடத்தைத்தான் நிரப்பியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒரு நாள்கூட வகுப்பறையைப் பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் 2025-க்குள் பொருள் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்கு போடவும் வேண்டும் என்பது இலக்கு. ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, 2023-24-இல் நான்கு, ஐந்துக்கும் நீண்டது. பிள்ளைகளின் அப்போதைய நிலையை மதிப்பிட்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்குப் பயிற்சி நூல் கொடுத்தார்கள். வயதை விட்டுவிட்டு, பிள்ளை எட்டியிருக்கும் நிலையைப் பார்த்துக் கற்பிக்கும் எண்ணம் இந்தியாவில் பிரதம் அமைப்பு நெடுநாள் வளர்த்தது. 2019-இல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோரின் கள ஆய்வுகளும் அதை வலுப்படுத்தின.

இந்த வகுப்பறையில் காதுக்கு வேலை அதிகம். பாடல், கதை, கைப்பாவை, முகமூடி, நடிப்பு. காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு அரசனாகப் பேசும் ஆசிரியைகளைப் பல ஊர்களில் பார்க்கலாம். அட்டைகளுக்கு இடையில் மேற்பார்வையாளராக ஆகிப்போன ஆசிரியர் மறுபடி ஆசிரியராக முன்னால் வந்தார். முதலில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு செயல்பாடு, பிறகு நிலைக்கேற்ற பயிற்சி என்ற வரிசை, பின்தங்கிய பிள்ளையையும் வகுப்போடு ஒட்டவைத்திருக்கிறது. இது சிறிய ஆதாயம் இல்லை.

ஆனால் ஏணியில் நூற்றுக்கணக்கான படிகள் இருந்தன, இங்கே மூன்றே நிலைகள். நூறு படியில் இருவர் ஒரே படியில் நிற்பது அரிது, அதனால் ஒப்பிடவும் தோன்றாது. மூன்று நிலையில், மூன்றாம் வகுப்பில் அரும்பு நூல் வைத்திருப்பவன் யார் என்பது வகுப்புக்கே தெரியும். பூவின் பெயர் வைத்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏணிப்படியில் ஒரு பிள்ளை தினமும் கொஞ்சம் ஏறுவதைத் தன் கண்ணால் பார்த்தது. அரும்பிலிருந்து மொட்டுக்குப் போக நெடுநாள் ஆகிறது, போனதையும் பிள்ளை சொல்வதில்லை, மதிப்பீடு சொல்கிறது. அந்த மதிப்பீடு செயலியில் ஏறுகிறது. ஆசிரியரின் கைப்பேசிக்கும், வட்டார அலுவலகத்துக்கும், சென்னைக்கும் அந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. பிள்ளைக்கும் அதன் அம்மாவுக்கும் தெரிவதில்லை. பதிவேற்றத்துக்கே நேரம் போகிறது, இணையம் கிடைக்கவில்லை என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்ப முறையிட்டதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியதுதான். கற்பிக்கும் நேரம் கணக்குக் காட்டும் நேரமாக மாறும்போது, முதலில் இழப்பது அரும்பு நிலைப் பிள்ளைதான்.

மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளை வைத்துப் பார்த்தால் இரண்டின் முகமும் இன்னும் தெளிவாகத் தெரியும். அட்டையும் சின்னமும் கண்ணுக்கானவை. காது கேளாத சிறுவனால் ஏணிப்படி வகுப்பில் ஓரளவு தன்போக்கில் நகர முடிந்தது, பக்கத்தில் சக மாணவன் உதவிக்கு இருந்தான். பார்வையற்ற சிறுமிக்கு அதே அட்டை வெறும் தாள். பாட்டும் கதையும் நிறைந்த வகுப்பில் அவள் முன்வரிசைக்கு வந்துவிடுவாள், காது கேளாத சிறுவனோ எல்லாரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பான். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஏணியின் சிறு சிறு படிகள் பொருந்தின, மூன்று பெரிய நிலைகள் பொருந்தவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உள்ளடங்கிய கல்வியை அரசின் கடமையாக்கியிருக்கிறது. இரண்டு முறைகளில் எதுவும் இந்தப் பிள்ளைகளை முதலில் நினைத்து வடிவமைக்கப்படவில்லை. பொதுப் பிள்ளைக்குச் செய்துவிட்டு, பிறகு இவர்களுக்கு ஒட்டுப் போட்டார்கள்.

அந்த ஒட்டுப் போடும் வேலை வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்கள் தலையில் விழுகிறது. தொகுப்பூதியத்தில், பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டே, ஒருவர் பல பள்ளிகளுக்குப் போய்வருகிறார். ஒரு பள்ளியில் அவருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். சுவரில் ஏணிப்படி இருந்த காலத்தில் அவரால் உள்ளே நுழைந்து, பிள்ளையைக் கூப்பிட்டு, “உன் படி எது, காட்டு” என்று கேட்டுவிட்டு அங்கிருந்து தொடங்க முடிந்தது. இன்று வகுப்பாசிரியரைக் கேட்க வேண்டும், அவர் கைப்பேசியைத் திறக்க வேண்டும், அதில் கிடைப்பது மூன்றில் ஒரு சொல். எந்த எழுத்தில் தடுமாறுகிறான், கழித்தலில் கடன் வாங்குவது புரிந்ததா என்பது அந்தச் சொல்லில் இல்லை.

அட்டைகளை மறுபடி அச்சடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எண்ணும் எழுத்தும் கொண்டுவந்த பாட்டையும் கதையையும் நிறுத்தவும் கூடாது. இப்போதிருக்கும் பயிற்சி நூலின் கடைசிப் பக்கத்தில் அந்த நிலைக்குரிய திறன்களைச் சிறு படிகளாக வரைந்து கொடுக்கலாம், அதற்குச் செலவு அதிகமாகாது. ‘இரண்டெழுத்துச் சொல் படிப்பேன்’, ‘பத்துக்குள் கழிப்பேன்’ என்ற அளவில் படிகள் இருக்கட்டும், முடித்ததைப் பிள்ளையே வண்ணம் தீட்டட்டும். பார்வையற்ற பிள்ளைக்கு அந்தப் பக்கம் தடவிப் பார்க்கும் புள்ளிகளாக இருக்கட்டும். செயலியில் ஏற்றுவதை அதிலிருந்து பார்த்து ஏற்றிக்கொள்ளலாம். அந்த நூல் மாலையில் வீட்டுக்குப் போகும். சூளைக்குப் போகும் குடும்பத்தின் மூட்டையிலும் போகும், அங்கே பக்கத்தில் இருக்கும் பள்ளியின் ஆசிரியர் அதைப் புரட்டிப் பார்த்து, மறுநாள் காலையே அந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவுசெய்ய முடியும்.