கட்டபொம்மன் பேரில் ஒரு கடற்படைத் தளம்

வளவனூரிலிருந்து பாண்டி ரோட்டைப் பிடிச்சா கொஞ்ச நேரத்தில் கடல் வந்துடும். கடற்படைத் தளம்னா அப்படிக் கரையோரமாத்தான் இருக்கும்னு நினைச்சிருந்தேன். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், கரையை விட்டு உள்ளே, மானாவாரி நிலத்துக்கு நடுவே ஒன்று இருக்கு: ஐ.என்.எஸ். கட்டபொம்மன். அங்கே கப்பல் கிடையாது, கம்பங்கள்தான்.

1990 அக்டோபர் 20-ல் அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் தொடங்கி வைத்தார். கடலுக்கடியில் மறைஞ்சிருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சேதி அனுப்புவதே இதன் வேலை.

சாதாரண ரேடியோ அலையை உப்புத்தண்ணி விழுங்கிடும். மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும் சில மீட்டர் ஆழம் இறங்கும். கிணத்துக்குள்ள தூர் வாருறவருக்கு மேலே நாம பேசுறது புரியாது. கோயில் மேளத்தோட ‘தொம்’ மட்டும் கேட்கும். அது மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஒரு அலையின் நீளமே 10 கிலோமீட்டருக்கு மேல். அதனால்தான் பெரிய கம்பம் சுமார் 470 மீட்டர் உயரம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல ஏழு மடங்கு. 2014-ல் புது ஒலிபரப்பு நிலையமும் சேர்ந்தது.

இதில் குரல் போகாது, எழுத்துதான், அதுவும் மெதுவா. கப்பல் இதே வழியில் பதில் சொல்லவும் முடியாது. இவ்வளவு பெரிய கம்பத்தை அது எங்கே நடும்? மேலே வந்து பேசினா எதிரி கண்டுபிடிச்சிடுவான்.

1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். கும்பினிக்கு எதிர்த்துப் பதில் சொன்னவர் பேரில், பதிலே வராத சேதி தினமும் போகுது. கீழே இருக்கிற பிள்ளைகளுக்குக் கரையிலிருந்து கேட்கிற பேச்சு அதுதான்.