சிங்கப்பூரின் 2015: ஒரு பொன்விழா, இரண்டு துக்கங்கள்



"வரலாறுன்னா ராஜாக்களும் தேதிகளும்தானே சார்?" என்று வகுப்பில் உங்களில் பலர் கேட்டதுண்டு. அந்தக் கேள்விக்காக இன்று ஒரு சின்ன நாட்டின் ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்கிறேன். நாடு சிங்கப்பூர், ஆண்டு 2015. நம்மில் பல வீடுகளில் ஒருவராவது அங்கே வேலைக்குப் போயிருப்பதால் யாருக்கும் அந்நியமான ஊர் இல்லை.

அப்போது அந்த நாட்டின் பரப்பு சுமார் 719 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. மக்கள்தொகை சுமார் 55 லட்சம். 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது. ஆகவே 2015 அவர்களுக்குப் பொன்விழா ஆண்டு. ஊரெங்கும் கொண்டாட்டத்துக்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான், பிப்ரவரி 5 அன்று, முதல் பிரதமர் லீ குவான் யூ நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மார்ச் 23 அதிகாலை 3.18 மணிக்கு, 91 வயதில் காலமானார். ஏழு நாள் தேசிய துக்கம். நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்ட உடலுக்கு நான்கரை லட்சம் பேர் அஞ்சலி செலுத்தினார்கள். பகல் இரவு பாராமல் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். மார்ச் 29 அன்று கொட்டும் மழையில் இறுதி ஊர்வலம். சாலையின் இருபுறமும் மக்கள் நனைந்தபடியே நின்றார்கள்.

அன்று இந்தியாவிலும் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. நம் மன்னார்குடி வட்டாரத்து ஊர்களில் அவருக்கு அஞ்சலிப் பதாகைகள் வைத்தார்கள். பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டு அந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டிய குடும்பங்கள் அங்கே நிறைய. தமிழை ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்றாக வைத்திருக்கும் நாட்டின் தலைவர் என்ற நன்றியும் சேர்ந்துகொண்டது. அவருடைய ஆட்சியில் எதிர்க்கட்சியினர் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டதும், பத்திரிகைகள் கட்டுப்படுத்தப்பட்டதும் உண்மைதான். நன்றியையும் குறையையும் சேர்த்துப் படிப்பதுதான் வரலாறு.

இதுவரை சொன்னது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பதிவு.

ஜூன் 5, வெள்ளிக்கிழமை. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழா அன்று மாலை சிங்கப்பூரில் நடக்கவிருந்தது. காலை 7.15 மணிக்கு மலேசியாவின் சபா மாநிலத்தில் நிலநடுக்கம். ரிக்டர் அளவில் சுமார் 6. கினபாலு மலை 4,095 மீட்டர் உயரம். அதன் பாறைச் சரிவில் இரும்புப் படிகளும் கம்பிகளும் பதித்த ஒரு பாதை உண்டு. சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியிலிருந்து வந்திருந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர்களோடு அந்தப் பாதையில் இருந்தார்கள். தலைமைப் பண்பு வளர்ப்பதற்காகப் பள்ளி ஏற்பாடு செய்த பயணம் அது. மேலிருந்து பாறைகள் உருண்டு விழுந்தன.

அந்த மலையில் அன்று இறந்தவர்கள் 18 பேர். அவர்களில் அந்தப் பள்ளியின் மாணவர்கள் 7 பேர், ஆசிரியர்கள் 2 பேர், உடன் சென்ற சிங்கப்பூர் வழிகாட்டி ஒருவர். உள்ளூர் மலை வழிகாட்டிகளிலும் உயிரிழந்தவர்கள் உண்டு. பாறை சரியும் அபாயம் தீராத நிலையிலேயே மற்ற வழிகாட்டிகள் காயம்பட்டவர்களைத் தோளிலும் முதுகிலும் சுமந்து கீழே இறக்கினார்கள்.

ஜூன் 8 அன்று தேசிய நினைவு நாள் அறிவிக்கப்பட்டது. மார்ச்சில் நாட்டின் நிறுவனருக்காக இறங்கிய அதே கொடி, இப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக அரைக்கம்பத்துக்கு இறங்கியது. விளையாட்டு அரங்குகளில் ஒரு நிமிடம் மௌனம். பிறகு போட்டிகள் தொடர்ந்தன. சிங்கப்பூர் 84 தங்கம் வென்றது.

பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போன எந்த ஆசிரியருக்கும் தெரியும்: பஸ்ஸில் ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை தலைகளை எண்ணுவோம். எண்ணிக்கை சரியாக வரும்வரை நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த இரண்டு ஆசிரியர்களும் அப்படி எண்ணித்தான் கூட்டிப் போயிருப்பார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன் பிறகும் ஆண்டு ஓடியது. ஜூலையில் அங்குள்ள தாவரவியல் பூங்கா யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. 1877இல் ரப்பர் நாற்று வந்து சேர்ந்த இடம் அது. அந்த ரப்பர் மலாயா முழுக்கத் தோட்டங்களாகப் பரவியபோதுதான் நம் ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பால்மரம் வெட்டக் கப்பலேறினார்கள். ஆகஸ்ட் 9 காலை, லீ குவான் யூ முன்பே பதிவு செய்திருந்த குரலில் சுதந்திரப் பிரகடனம் நாடெங்கும் ஒலித்தது. செப்டம்பர் 11 பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சி 89 இடங்களில் 83 பிடித்தது. அதே மாதம் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டத்தால் 25ஆம் தேதி பள்ளிகளை மூடினார்கள்.

இந்த ஆண்டைச் சுருக்கி எழுதுபவர்கள் "தலைவர் மறைவு, பொன்விழா, தேர்தல்" என்று முடித்துவிடுவார்கள். ஜூன் 5க்கு இடம் கிடைத்தால் ஆச்சரியம். ஆனால் அந்த நாடு அந்த ஆண்டில் இரண்டு முறை கொடியை இறக்கியது. 91 வயது வாழ்ந்து ஒரு நாட்டை உருவாக்கியவருக்கு ஒரு முறை. வாழ்க்கையை இன்னும் தொடங்காதவர்களுக்கும் அவர்களைக் கூட்டிப் போனவர்களுக்கும் ஒரு முறை. யாருக்காகக் கொடியை இறக்குகிறது என்பதை வைத்தும் ஒரு நாட்டை அளக்கலாம். நம் கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்களே, அந்தத் தேதி இன்று நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

சிங்கப்பூரில் இருக்கும் என் பிள்ளைகளே, அந்த ஜூன் மாதம் அங்கே இருந்தவர்கள் உங்கள் நினைவுகளைக் கீழே எழுதுங்கள். ஆசிரியர் வேலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: அடுத்த முறை ஆண்டுவாரியாகப் பாடம் எடுக்கும்போது, தலைவர்களின் தேதிகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் தேதி ஒன்றையும் கரும்பலகையில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்