தாது வருஷமும் குடிமகனின் மேரையும்: சேலம் சமவெளியில் இன்றியமையாத தொழில்கள் பற்றி

பஞ்சகாலத்தில் எந்தத் தொழில் நிலைக்கும், எது வீழும் என்னும் வினாவுக்கு நம் காலத்தில் பெரிதும் செல்வாக்குப் பெற்ற விடை, அமர்த்தியா சென் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்னும் ஆங்கில நூலிலிருந்து கிளைத்தது. 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தைத் துருவி ஆராய்ந்த அவர், நாட்டில் தானியம் இல்லாமற் போவதால் மட்டும் ஜனங்கள் மாய்வதில்லை, தம் உழைப்பையோ பண்டத்தையோ கொடுத்துத் தானியம் பெறும் உரிமை சரிந்துபோவதாலேயே மாய்கின்றனர் என்று நிறுவினார். அதற்கு அவர் காட்டும் உதாரணங்களுள் நாவிதரின் நிலை ஒருமுறை படித்தவர் மனத்தை விட்டு அகலாது. நெருக்கடி வந்தவுடன் குடும்பங்கள் முடிதிருத்திக்கொள்வதைத் தள்ளிப்போடுகின்றன; கிராக்கி குறையக் குறையக் கூலியும் குறைகிறது; மறுபுறம் அரிசி விலை ஏறுகிறது; இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட நாவிதர் ஒருமுறை முடிதிருத்திப் பெறக்கூடிய உணவின் அளவு சில ஜில்லாக்களில் நூற்றுக்கு எழுபது, எண்பது பங்கு வீழ்ந்தது என்பது அவர் கூறும் கணக்கு.

இவ்விளக்கத்தின் பொதுவான உண்மையை மறுப்பது என் நோக்கமன்று. ஆனால் இதை அப்படியே எடுத்து, தாது வருஷத்தில் தொடங்கி ஈசுவர வருஷத்திலும் நீண்ட 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்துக்கு, அதிலும் அன்றைய சேலம் ஜில்லாவுக்குப் பொருத்திப் பார்க்கும்போது, தையல் பல இடங்களில் விட்டுப்போகிறது. முடிதிருத்துதல் ஒரு சரக்கு, அதற்கு அன்றன்றைக்கு ஒரு விலை உண்டு, அவ்விலை அரிசி விலையோடு சேர்ந்து ஏறும் அல்லது இறங்கும் என்பது சென் கொண்ட அடிப்படை. கொங்குச் சமவெளியின் கிராமத்தில் அப்படியொரு சரக்கும் இல்லை, அப்படியொரு விலையும் இல்லை.

இப்பக்கத்து ஊர்களில் நாவிதருக்குக் குடிமகன் என்றே பெயர். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் சடங்குகளை நடத்துபவர் அருமைக்காரர் எனினும், மங்கல வாழ்த்தை எடுத்துச் சொல்லும் உரிமை குடிமகனுக்கே உரியது. அவர் வாயால் அது சொல்லப்படாத வரையில் கல்யாணம் நிறைவேறியதாகக் கொள்வதில்லை. அவருடைய மனைவி ஊருக்கு மருத்துவச்சி. பிள்ளைப்பேறு அவர் கையில் நடந்தது. சாவு வீட்டிலும் அக்குடும்பத்துக்கு வேலை உண்டு. ஆகவே சென் தம் கணக்குக்கு எடுத்துக்கொண்ட கத்தி வேலை, அக்குடும்பம் ஊருக்குச் செய்த பணிகளுள் ஒன்று மாத்திரம்; அதுவும் மிக எளிதாகத் தள்ளிப்போடத்தக்கது. பிரசவத்தைத் தள்ளிப்போட முடியாது. சாவையும் தள்ளிப்போட முடியாது. தள்ளிப்போட முடிந்ததனால்தான் நாவிதர் வீழ்ந்தார் என்றால், தள்ளிப்போட முடியாத இவ்விரு வேலைகளும் அவரைத் தாங்கியிருக்க வேண்டுமல்லவா?

தாங்கவில்லை என்றே நான் எண்ணுகிறேன். அதன் காரணம் களத்துமேட்டில் இருக்கிறது. சோளமோ கம்போ அடித்துத் தூற்றி, பதர் நீங்கி, அம்பாரமாகக் குவிந்து கிடக்கும்போது, பண்ணைக்காரர் வள்ளத்தை எடுத்து அளக்கத் தொடங்குமுன் குடிமகனும் வண்ணாரும் தச்சரும் கொல்லரும் குயவரும் கூடையோடு வந்து ஓரத்தில் நிற்பார்கள். வருஷம் முழுவதும் செய்த வேலைக்கு அன்றைக்குத்தான் கூலி. இதற்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். இப்பங்கு அம்பாரத்தின்மேல் ஏற்பட்ட உரிமையேயன்றிப் பண்ணைக்காரரின் குதிரின்மேலோ தானியக் குழியின்மேலோ ஏற்பட்ட உரிமையன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். களம் காய்ந்து கிடந்த வருஷத்தில் கொடுக்காதவர் எவரும் வழக்கத்தை மீறியவராகார்; வழக்கப்படியே, ஒருவரும் குற்றவாளியாகாமல், ஒரு குடும்பம் பட்டினி கிடக்க அம்முறை இடங்கொடுத்தது. விலைச்சரிவு ஏற்படுவதற்கு முன்னரே, விலை என்ற ஒன்று தலையிடாமலே, ஊதியம் முழுதும் அற்றுப்போயிற்று. இது பெரும்பகுதி பங்கு முறையின் அமைப்பிலிருந்து செய்யும் அனுமானம்தான். எனினும் அம்பாரத்தின் பங்கே கூலியாக இருந்த இடத்தில், அம்பாரம் இல்லாத வருஷத்துக்கு வேறு முடிவைக் கற்பிப்பது எனக்கு அரிதாயிருக்கிறது.

ஒரு தொழில் ஊருக்கு இன்றியமையாதது என்பதும், அத்தொழிலைச் செய்பவர் ஊரில் மதிப்போடு பிழைக்க முடியும் என்பதும் இருவேறு விஷயங்கள் என்பதற்கு மிகப் பழைய சான்று ஒன்று காவிரிக்கு அக்கரையில், மோகனூரிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய கரூரில், பசுபதீசுவரர் கோயிலில் இருக்கிறது. ஹுல்ட்ஷ் தென்னிந்தியச் சாசனங்களின் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்த அச்சாசனம், கோனேரின்மைகொண்டான் என்னும் அரசன் வெங்காலநாட்டுக் கம்மாளருக்கு விடுத்த ஆணை. தங்கள் நன்மை தின்மைகளில் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை முதலியன கொட்டுவித்துக்கொள்ளலாம், வெளியே புறப்படும்போது காலில் பாதரட்சை அணியலாம், வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்று அரசன் அவர்களுக்கு அனுமதி அளிக்கிறான். கலப்பைக்குக் கொழு அடித்தவரும், ஏரும் வண்டியும் செய்தவரும், கோயில் கட்டியவரும், அதுவரையில் செருப்பணிந்து தெருவில் நடக்கவும் தம் வீட்டுச் சுவருக்குச் சுண்ணச்சாந்து பூசவும் உரிமையற்றிருந்தனர் என்பதே இதன் மறுபக்கம். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அவ்வாணையில் இன்னொரு சொல் என்னை நெடுநாளாக நிறுத்தி வைத்திருக்கிறது. பதினைந்தாம் ஆட்சியாண்டின் ஆடி மாதம் முதற்கொண்டு இது நடைமுறைக்கு வரும் என்கிறது சாசனம். ஆடி, விதைப்புக்குரிய பட்டம். ஏரும் கொழுவும் பழுது நீங்கி ஆயத்தமாயிருக்க வேண்டிய மாதம். கொல்லருலையில் ஒரு வாரம் தீ மூளாவிட்டால் ஊர் முழுவதன் விதைப்பும் தவறும். வருஷத்தில் கம்மாளர் கை ஓங்கியிருக்கும் மாதம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அந்த மாதத்தை எல்லையாக வைத்து உரிமைகளை வழங்கியிருப்பது, அவ்வுரிமைகள் அரசன் தானாக மனமிரங்கிக் கொடுத்தவையல்ல, கம்மாளர் கேட்டு, வேலையை நிறுத்தியோ நிறுத்துவோம் என்று சொல்லியோ பெற்றவை என்னும் ஊகத்துக்கு இடமளிக்கிறது. இவ்வூகம் ஒற்றைச் சொல்லின்மேல் கட்டியது என்பதை மறைக்கவில்லை. ஆட்சியாண்டையும் மாதத்தையும் குறித்து ஆணை தொடங்குவது சாசன மரபு, ஆடி என்பது தற்செயல் என்று ஒருவர் வாதிக்கலாம்; அவ்வாதத்தை வீழ்த்த என்னிடம் வேறு கல் இல்லை. காலமும் உறுதிப்படவில்லை. கோனேரின்மைகொண்டான் என்பது இயற்பெயரை மறைக்கும் பட்டம். சோழரும் பாண்டியரும் கொங்கை ஆண்ட சோழரும் அதைப் பூண்டிருக்கின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டு என்று பலரும் கருதுவதற்கு நான் இணங்குகிறேனே தவிர, இன்ன ஆண்டு என்று நாட்டத் துணியேன்.

கம்பெனி ஆட்சியைக் கடந்து ராணியின் ஆட்சிக்கு வந்தால், யார் இன்றியமையாதவர் என்பதைச் சட்டமே தீர்மானிக்கக் காண்கிறோம். சென்னை ராஜதானியின் 1864ஆம் ஆண்டு நான்காம் சட்டம், கிராம ஊழியர்களுக்கென நிலவரியில் ரூபாய்க்கு ஓரணா வரையில் தனி வரி விதிக்க வழிசெய்தது. அப்பணத்திலிருந்து சம்பளம் பெற்றவர்கள் வரிவசூலுக்கும் காவலுக்கும் வேண்டியவர்கள்: மணியக்காரர், கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான் ஆகியோர். தச்சரும் கொல்லரும் குயவரும் வண்ணாரும் குடிமகனும் பழைய அம்பாரத்தோடேயே விடப்பட்டனர். இச்சட்டம் ஜில்லாதோறும் படிப்படியாகவே நடைமுறைக்கு வந்ததாகையால், ஒரு குறிப்பிட்ட நாளில் கோடு கிழித்தாற்போல் இப்பிரிவினை நிகழ்ந்ததென்று சொல்வதற்கில்லை. ஆனால் திசை தெளிவு. ஓர் ஊரின் ஊழியர் கூட்டம் இரண்டாகப் பிளந்தது; ஒரு பாதியின் ஊதியம் மழையை நம்பாத கஜானாவிலிருந்தும், மறுபாதியின் ஊதியம் மழையை நம்பிய களத்திலிருந்தும் வரலாயிற்று.

அப்போதுதான் 1876இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் உரிய காலத்தில் பெய்யவில்லை. 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 19,66,995 பேர் இருந்த சேலம் ஜில்லாவில், 1881இல் 15,99,595 பேரே எஞ்சினர். 3,67,400 பேர் குறைவு. இவர்கள் அனைவரும் மாண்டனர் என்று கொள்ளலாகாது. பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவரும் உண்டு, பிறவாமற் போன குழந்தைகளும் உண்டு. அன்றைய ஜில்லா ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகளையும் உள்ளடக்கியது என்பதால் நாமக்கல், திருச்செங்கோடு, சேலம் தாலுகாக்களின் தனிப்பங்கு இவ்வெண்களில் தெரிவதில்லை. பிறப்புக் குறைந்தது என்னும்போது மருத்துவச்சியின் வேலை குறைந்தது. கல்யாணங்கள் நின்றபோது மங்கல வாழ்த்து நின்றது. சாவு பெருகியபோதோ, சடங்கு செய்ய வகையில்லாத சாவுகளாகவே பெருகின. குடிமகன் வீட்டின் மூன்று வாயில்களும் இவ்விதமாக ஒருங்கே அடைபட்டன.

எல்லாத் தொழில்களிலும் அவ்விரண்டு வருஷங்களில் அதிகம் வேண்டப்பட்ட தொழில் எது என்று கேட்டால், வண்டியோட்டுவதுதான் என்பேன். சேலத்துக்கு 1860களின் தொடக்கத்திலேயே ரயில் வந்துவிட்டது. கடல்வழி வந்த தானியம் ரயில் நிலையம் வரை சேர்ந்தது. அங்கிருந்து உள்ளூர்களுக்குக் கொண்டுபோக மாட்டுவண்டியைத் தவிர வேறு வழியில்லை. நாமக்கல்லுக்குச் சேலம்-கரூர் ரயில்பாதை வந்ததே 2013இல் என்பதை நினைத்தால் நிலைமை விளங்கும். தீவனமின்றி மாடுகள் செத்து விழுந்தன. மூட்டைகள் நிலையத்தில் அடுக்கிக் கிடக்க, வண்டிக்காரர் நுகத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நிவாரண வேலைக்குக் கல்லுடைக்கப் போகும் நிலை வந்தது. தேவை உச்சத்தில் இருந்தபோதே தொழில் இற்றுப்போனது. கவலை இறைத்துப் பாசனம் செய்த கிணற்றுக்காட்டிலும் இதே கதைதான். சாலையும் அதன் தோல் வாலையும் தைத்துக்கொடுத்த மாதாரி வீட்டாரின் கைத்திறனுக்கு, நீர் வற்றி மாடும் மடிந்தபின், வேலையே இல்லை. சென்னும் வங்காளத்தில் போக்குவரத்துத் தொழிலாளர் பெரிதும் நொடித்ததைக் குறிக்கிறார். அவ்வளவில் அவரோடு எனக்குப் பிணக்கில்லை.

கல்லுடைக்கப் போனவருக்கும் சர்ச்சை காத்திருந்தது. 1877 ஜனவரியில் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள் ஆண் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்றார். சென்னை ராஜதானியின் சுகாதார அதிகாரி கார்னிஷ் அது உழைக்கும் உடம்பைக் காக்காது என்று எதிர்த்தார். 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு அறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ்தான். எத்தனை பேர் எந்தெந்தத் தொழிலில் இருந்தனர் என்று எண்ணி அட்டவணையிட்டவரே, ஆறு ஆண்டுகளுக்குள், அவர்களுள் எத்தனையோ பேர் ஒரே தொழிலாளராக, மண்வெட்டும் கூலியாளராக, மாறிநிற்கக் கண்டார்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று அதே சமவெளியில் அரை நூற்றாண்டு கழித்து நடந்தது. 1925இல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். வானம் பார்த்த பூமி. மழை தவறுவது வாடிக்கை. பெண்கள் பல மைல் நடந்துவந்து பஞ்சு வாங்கிப்போய், நூற்ற நூலைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெற்றனர். ஆலை நூல் மலிவாகக் கிடைத்த காலத்தில், கைந்நூல் இல்லாவிட்டால் உலகம் உடையின்றி நிற்கும் என்று யாரும் சொல்லமுடியாது. சரக்கின் அவசியத்தை வைத்து அளந்தால் இராட்டை வேலை பட்டியலின் கடைசியில்தான் வரும். ஆயினும் அது அடுப்பெரிய வைத்தது. ஏனெனில் அக்கூலி, காய்ந்துகிடந்த அவ்வூர்க் களத்திலிருந்து வரவில்லை. தொலைவிலிருந்த நகரங்களில் கதர் வாங்கியவர்களிடமிருந்து வந்தது. கொல்லரும் குடிமகனும் தாது வருஷத்தில் வீழ்ந்ததற்கும், நூற்ற பெண்கள் நிமிர்ந்ததற்கும் இந்த ஒரு வேறுபாட்டையே நான் காரணமாகக் காண்கிறேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தபோது, அத்தியாவசியம் என்னும் சொல் மறுபடியும் சர்க்கார் பட்டியலாயிற்று. நாமக்கல்லின் சரக்கு லாரிகளுக்கு அதில் இடமிருந்தது. முடிதிருத்தும் நிலையங்களுக்கு இல்லை. மே மாதம் பாதி கழியும் வரை அவற்றின் கதவுகள் சாத்தியே கிடந்தன. நோய்க்காலத்தில் நெருங்கித் தொட்டுச் செய்யும் வேலையை நிறுத்தியது தவறென்று நான் சொல்லவில்லை. மேரை என்னும் முறை அதற்கு வெகுகாலம் முன்பே பல ஊர்களில் மறைந்து, குடிமகனின் பேரர்கள் நாற்காலியும் கண்ணாடியும் வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்குபவர்களாகியிருந்தனர். ஆகவே சென் எழுதிய நாவிதரை, விலைக்கு வேலை செய்து விலை இழந்த அந்த நாவிதரை, சேலத்துச் சமவெளியில் தேடுவோர் தாது வருஷத்தில் தேடவேண்டியதில்லை. அவர் இங்கே வந்து சேர்ந்தது மிகப் பிந்தித்தான்.