பூட்டிய தேவாலயமும் பூட்டாத இல்லமும்

அரசர் வீழ்வதும் ஆட்சி மாறுவதும் வரலாற்றில் புதுமை அல்ல. ஆனால், ஞாயிற்றுக்கிழமை என்னும் நாளே இல்லாமல் செய்ய ஓர் அரசு முற்பட்டது புதுமையே. 1793ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிரெஞ்சுக் குடியரசு அதனைச் செய்தது. ஏழு நாள் கொண்ட வாரம் நீக்கப்பட்டது. ஒவ்வொரு மாதமும் பத்துப் பத்து நாள்களாக மூன்று கூறாக்கப்பட்டது. பத்தாம் நாளே ஓய்வு நாள் எனச் சட்டம் பிறந்தது. ஆண்டுக்கு 52 ஞாயிறு கண்ட உழவனும் தொழிலாளியும் இனி 36 பத்தாம் நாள்களே காண வேண்டும். வாரம் மறைந்தால் ஞாயிறு மறையும்; ஞாயிறு மறைந்தால் பூசையும் மறையும் என்பது புதுமுறை வகுத்தோர் கணக்கு.

அக்கணக்கு ஏன் பிழைத்தது என்பதை ஆராய்வது பயனுடையது. பெரிய இடத்துப் பெயர்கள் மட்டும் அதற்கு விடை தருவதில்லை. பெயர் தெரியாத சிற்றூர் மக்களே அதற்கு விடையாக நிற்கின்றனர்.

பிணக்கின் தோற்றம்

புரட்சி தொடக்கத்திலேயே சமயத்திற்குப் பகையாக எழுந்தது என்று கூறுதல் பொருந்தாது. பழைய பிரான்சில் திருச்சபை பெருநிலம் உடையதாக இருந்தது. உழவர் விளைவில் ஒரு பங்கைத் தசமபாகமாக அதற்குச் செலுத்தினர். மேற்றிராணிமார் ஏறக்குறைய அனைவரும் உயர்குடியினர். சிற்றூர்ப் பங்குக் குருமாரோ எளிய வாழ்வினர். 1789இல் கூடிய பேரவையில் பொதுமக்கள் அணியோடு முதலில் சென்று சேர்ந்தவர்களுள் இப்பங்குக் குருமாரும் இருந்தனர். மக்களின் குறையைத் தம் குறையாகக் கண்டவர்கள் அவர்கள்.

1789 நவம்பர் 2ஆம் நாள் திருச்சபையின் உடைமைகள் நாட்டுடைமை ஆயின. 1790 பிப்ரவரியில் துறவற வார்த்தைப்பாடுகள் சட்டத்தால் நீக்கப்பட்டன. இவற்றைக்கூடப் பலர் பொறுத்துக் கொண்டனர். பொறுக்க முடியாத பிளவு 1790 சூலை 12ஆம் நாள் வந்த சட்டத்தால் நேர்ந்தது. மறைமாவட்டங்கள் 83 எனக் குறைக்கப்பட்டன. மேற்றிராணியாரையும் பங்குக் குருவையும் வாக்காளர் தேர்ந்தெடுப்பர். போப்பாண்டவரின் ஒப்புதல் வேண்டியதில்லை என்றது சட்டம். அதே ஆண்டு நவம்பரில், இச்சட்டத்தை ஏற்று உறுதிமொழி கூறாத குருமார் பதவி இழப்பர் என்ற ஆணையும் பிறந்தது.

மேற்றிராணிமாருள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே உறுதிமொழி ஏற்றனர். பங்குக் குருமாருள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்றனர்; பாதிப்பேர் மறுத்தனர். 1791 இளவேனிலில் ஆறாம் பத்திநாதர் என்னும் போப்பாண்டவர் இச்சட்டத்தைக் கண்டித்தார். ஊர்தோறும் இரு குருமார், இரு கட்சி என்னும் நிலை உண்டாயிற்று. மதம் பற்றிய வேறுபாடு அரசுத் துரோகமாகக் கருதப்படும் காலம் நெருங்கியது.

வன்முறையின் வளர்ச்சி

1792 ஆகஸ்டு 26ஆம் நாள் வந்த சட்டம், மறுத்த குருமார் இரண்டு வாரத்துள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்றது. அடுத்த செப்டம்பர் முதல் வாரத்தில் பாரிசுச் சிறைகளில் கும்பல்கள் புகுந்து நிகழ்த்திய படுகொலையில் மாண்டவருள் 200க்கு மேற்பட்டோர் குருமார். 1794இல் ரொசுபோர்த் துறைமுகத்தில் இரு கப்பல்களில் 829 குருமாரும் துறவியரும் அடைக்கப்பட்டனர். நோயாலும் பசியாலும் அவர்களுள் 547 பேர் இறந்தனர்.

வெளிநாடு சென்ற குருமார் ஆயிரக்கணக்கானோர். 1792இல் பிரான்சை விட்டுப் புறப்பட்டுப் புதுச்சேரிப் பணித்தளத்திற்கு வந்த துபுவா அடிகளாரைத் தமிழர் அறிவர். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1826இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டவர் அவரே.

1793 நவம்பரில் வன்முறை உச்சம் எய்தியது. அம்மாதம் 7ஆம் நாள் பாரிசு மேற்றிராணியார் கொபெல் பேரவையில் தம் பதவியைத் துறந்தார். அவர் அரசின் உறுதிமொழியை ஏற்றவர். அதே உறுதிமொழி ஏற்ற மற்றொரு மேற்றிராணியாராகிய கிரகுவார் அன்று பதவி துறக்க மறுத்து, தம் அருளுடையோடே அவையில் அமர்ந்திருந்தார். அரசை ஏற்றவருள்ளும் நம்பிக்கையை விடாதவர் இருந்தனர் என்பதற்கு இது சான்று. மூன்று நாள் கழித்து நோத்ருதாம் பேராலயத்தில் பகுத்தறிவு விழா நடைபெற்றது. 1794 இளவேனிலுக்குள் பெரும்பாலான தேவாலயங்கள் பூட்டப்பட்டன. ஊருக்கு ஒரு மணி போக எஞ்சிய மணிகள் பீரங்கி வார்க்க எடுத்துச் செல்லப்பட்டன.

‘வெறியர்’ என்ற சொல்

கொம்பியேஞ் நகரின் கார்மேல் சபைக் கன்னியர் 1792 செப்டம்பரில் மடத்தினின்று வெளியேற்றப்பட்டனர். துறவுடை களைந்து, எளிய உடையில், நான்கு சிறு குழுக்களாக அந்நகரிலேயே தங்கிச் செபவாழ்வைத் தொடர்ந்தனர். 1794 சூனில் சிறைப்பட்டனர். அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று ‘வெறியர்’ என்பது. அச்சொல்லுக்குப் பொருள் யாது என்று கன்னியருள் ஒருவர் நீதிமன்றத்தில் வினவினார் என்றும், சமயத்தின் மீது கொண்ட பற்றே அது என்னும் கருத்தில் விடை வந்தது என்றும், உயிர் தப்பிய அச்சபைக் கன்னி ஒருவர் எழுதிவைத்தார். அங்ஙனமாயின் எம் குற்றம் தெளிவாயிற்று என மற்றவர் மகிழ்ந்தனராம்.

சூலை 17ஆம் நாள் பதினாறு பேரும் பாடிக்கொண்டே கொலைக்களம் ஏறினர். இளையவர் முதலிலும் தலைவியார் இறுதியிலும் சென்றனர். ஒவ்வொருவராகச் செல்லச் செல்லப் பாட்டின் குரல் குறைந்து வந்தது. பத்தே நாளில் ரோபசுப்பியரின் ஆட்சி கவிழ்ந்தது. 1906இல் முத்திப்பேறு பெற்றவர்கள் எனப் போற்றப்பட்ட இவர்களை, 2024 டிசம்பரில் போப்பாண்டவர் பிரான்சிசு புனிதராக அறிவித்தார்.

குரு இல்லாத பூசை

கன்னியரின் மரணம் நெஞ்சை உருக்குவது. ஆயினும் ஒரு மக்களினத்தின் நம்பிக்கை மரணத்தால் மட்டும் நிலைப்பதில்லை. மறுநாள் காலையில் என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை வேண்டும். அவ்விடையைத் தந்தவர்கள் இல்லத்தாரும், பெண்டிரும், பள்ளி ஆசிரியருமே.

அக்காலச் சிற்றூர் ஆசிரியர் பள்ளியில் மட்டும் பணி செய்தவர் அல்லர். தேவாலயத்தில் பாடுபவரும், மணி அடிப்பவரும், குருவுக்கு உதவுபவரும் பெரும்பாலும் அவரே. பூசையின் இலத்தீன் பாடல்கள் அவருக்கு மனப்பாடம். குரு இல்லாத ஊர்களில் மக்கள் ஞாயிறன்று கூடினர். ஆசிரியரோ வேறொரு பொதுநிலையினரோ முன்னின்று வாசகங்களையும் பாடல்களையும் நடத்தினர். அப்பத்தையும் இரசத்தையும் அர்ச்சிக்கும் அதிகாரம் தமக்கு இல்லை என்பதை உணர்ந்து, அப்பகுதியை மட்டும் விட்டுவிட்டனர். இதனை ‘வெள்ளைப் பூசை’ என வழங்கினர். குறை உடைய வழிபாடுதான்; ஆனால் ஞாயிறு மறக்கப்படாமல் இருந்தது.

பெண்டிரின் பங்கும் பெரிது. யோன் மாவட்டம் முதலிய இடங்களில் அவர்கள் திரண்டு சென்று தேவாலயத் திறவுகோலைக் கேட்டு வாங்கினர். கொடுக்காத இடத்தில் கதவைத் திறந்துகொண்டனர். 1795 பிப்ரவரியில் வழிபாட்டுரிமைச் சட்டம் வந்தபோது, அச்சட்டத்தையே எடுத்துக்காட்டித் தம் கோவிலைக் கேட்டனர். புரட்சி கற்பித்த உரிமை என்னும் சொல்லைக் கொண்டே புரட்சி அரசை மடக்கினர் என்பது நோக்கத்தக்கது.

லியோன் மறைமாவட்டத்தில் லின்சோலா என்னும் தலைமைக் குரு, ஊருக்கு ஊர் நம்பத்தக்க பொதுநிலையினரைத் தலைவராக அமர்த்தி, மறைந்து திரியும் குருமாருக்கு இடமும் வழியும் காட்டச் செய்தார். அம்மறைமாவட்டத்துத் தார்தியி என்னும் சிற்றூர் உழவர் குடும்பம் ஒன்று இவ்வாறு வந்த குருமாருக்குப் புகலிடம் தந்தது. அக்குடும்பச் சிறுவன் இரவில் நெடுந்தொலை நடந்து களஞ்சியங்களில் பூசை கண்டான். 1799இல், பதின்மூன்று வயதில், எகுல்லி என்னும் ஊரில் ஒரு வீட்டினுள் புதுநன்மை வாங்கினான். உள்ளே எரியும் மெழுகுவத்தி ஒளி வெளியே தெரியாதிருக்க, சாளரங்களின் முன் வைக்கோல் வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன. அவனே பின்னாளில் ஆர்ஸ் ஊரின் பங்குக் குருவாக விளங்கி, 1925இல் புனிதராக உயர்த்தப்பெற்ற சான் மரி வியான்னே.

வென்றதும் இழந்ததும்

1797 செப்டம்பருக்குப் பின் கொடுமை மீண்டும் தலைதூக்கியது. ஆறாம் பத்திநாதர் 1799 ஆகஸ்டில் பிரெஞ்சுக் காவலில், வலான்சு நகரில் இறந்தார். திருச்சபை முடிந்தது என்றே பலர் கருதினர். இரண்டே ஆண்டில், 1801 சூலை 15ஆம் நாள், நெப்போலியன் அடுத்த போப்பாண்டவரோடு உடன்படிக்கை செய்தான். 1802 ஏப்ரல் 18ஆம் நாள் உயிர்ப்புத் திருநாளில் நோத்ருதாமில் நன்றிப்பாடல் ஒலித்தது. பத்து நாள் வாரம் கைவிடப்பட்டது; 1806 சனவரி முதல் நாளோடு புதிய நாட்காட்டியும் ஒழிந்தது. நெப்போலியன் பக்தியால் இதனைச் செய்தான் என்பார் இலர். மக்கள் கைவிடாத ஒன்றை அரசு நெடுங்காலம் எதிர்த்து நிற்க இயலாது என்பதை அவன் கண்டுகொண்டான்.

ஆயினும் எல்லாம் மீண்டுவிடவில்லை. குருமாருள் பல ஆயிரவர் பணியைத் துறந்திருந்தனர். மறைக்கல்வி இன்றி ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது. 1947இல் பூலார் என்னும் குரு, பிரான்சின் சிற்றூர்ப் பகுதிகளில் யார் பூசைக்குச் செல்கின்றனர் என்பதைப் படமாக வரைந்து வெளியிட்டார். 1791இல் எப்பகுதிக் குருமார் உறுதிமொழியை மறுத்தனர் என்பதைக் காட்டும் படத்தோடு அது பெரிதும் ஒத்திருக்கக் கண்டு அறிஞர் வியந்தனர். குருமாரின் தனி முடிவு மட்டும் இதற்குக் காரணம் ஆகாது. அவர்களைச் சூழ்ந்திருந்த மக்களின் பற்றே குருமாரைத் தாங்கியும் தளர்த்தியும் இருந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

தேவாலயக் கதவை அரசு பூட்டலாம், மணியை உருக்கலாம், நாளின் பெயரையும் மாற்றலாம். வைக்கோல் வண்டிக்குப் பின்னால் ஒரு குழந்தைக்குச் செபம் சொல்லித்தர ஒருவர் இருந்த ஊரில் நம்பிக்கை பிழைத்தது. அத்தகைய ஒருவர் இல்லாத ஊரில், கதவு மீண்டும் திறந்தபோது உள்ளே வருவதற்கு ஆள் குறைந்திருந்தது.