டேர்போ எஞ்சினுக்கு நீரூட்டிய வரலாறு

பெற்றோல் தாங்கியில் சிறிதளவு நீர் கலந்துவிட்டாலும் மோட்டார் வண்டி இருமி இருமி நடுவழியில் நின்றுவிடும் என்பதைச் சாரதிகள் யாவரும் அறிவர். நீரின் இடம் ரேடியேற்றரேயன்றி, நெருப்பு எரியும் உருளையன்று என்பதே பொதுவான எண்ணம். அவ்வாறிருக்க, அந்நீரையே நுண்ணிய தூவலாக்கி, வேண்டுமென்றே எஞ்சினுக்குள் செலுத்தி, அதனால் அதன் வலுவைப் பெருக்கிய பொறியியலாளர் இருந்தனர். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு கார், இம்முறையைச் சாதாரணக் குடும்பத்தவரின் வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்து சேர்த்தது. ஆயின், மூன்று ஆண்டுகள் செல்வதற்குள் அந்த உறுப்புக்களைக் கழற்றி அகற்றித் தருவதாக அதனைச் செய்தவர்களே முன்வரவேண்டியதாயிற்று. பிழை எஞ்சினிலா, நீரிலா, அன்றி வண்டியை வாங்கியவரிடத்திலா என்பது ஆராயத்தக்கது.

முதற்கண், நீர் எதற்காக என்பதை அறிதல் வேண்டும். உருளைக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை முசலம் மேலெழுந்து நெருக்குகிறது. தீப்பொறி ஒரு முனையில் அதனைப் பற்றவைக்க, தீ மறுமுனை நோக்கி ஒழுங்காகப் பரவவேண்டும். சில வேளைகளில், தீ வந்து சேருமுன்னரே, மூலையில் எஞ்சி நிற்கும் கலவை வெப்பமும் அமுக்கமும் தாங்காது தானாகவே ஒருங்கு வெடித்துவிடும். இரும்பின்மேற் சிறு சுத்தியலால் அடிப்பது போன்ற ஒலி அப்போது கேட்கும். தட்டல் என்று பொறிவல்லார் கூறுவது இதனையே. சிறிது நேரத் தட்டலால் தீங்கில்லை. பாரம் ஏற்றிய நிலையில் அது நீடிக்குமாயின் முசலத்தின் தலை உருகித் துளைபடும்.

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரெட் பூச்சி என்பார் 1905ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற டேர்போ என்னும் கருவி, இத்தட்டலைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தது எனலாம். வீணே வெளியேறும் கழிவுப் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனோடு ஒரே அச்சிற் பூட்டிய மற்றொரு சக்கரம் காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், வலுவும் கூடும். ஆனால் நெருக்கிய காற்றுச் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர் எவரும் பம்பின் அடி சுடுவதைக் கையால் உணர்ந்திருப்பர். அச்சூட்டோடு காற்று உருளையை அடையும்போது தட்டல் எளிதில் தொடங்கிவிடுகிறது.

இங்கேதான் நீர் துணைக்கு வருகிறது. மண்பானையிலிருந்து கசியும் நீர், தான் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துச் செல்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. கொதிநிலையில் உள்ள ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோயூல் வெப்பம் வேண்டும். அதே நிறையுடைய பெற்றோலுக்கு வேண்டியது அதில் ஆறில் ஒரு பங்களவே. ஆகவே, சூடேறிய காற்றிற் சிறிது நீரைத் தூவினாற் காற்றுக் குளிரும். எஞ்சிய துளிகள் உருளைக்குள்ளும் வெப்பத்தை உண்டு தட்டலைத் தடுக்கும். நீர் எரிவதில்லை, தானாக வலுவைத் தருவதுமில்லை. மிகுந்த அமுக்கத்தை எஞ்சின் தாங்குவதற்கு அது இடமளிக்கிறது, அவ்வளவே.

இவ்வழியில் முதலிற் சென்றோருள் ஒருவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பேர்ட்ரம் ஹொப்கின்சன். பெரிய வாயு எஞ்சின்களின் உருளைக்குள்ளேயே நீரைத் தெளித்து அவற்றைக் குளிர்விக்கும் முறையை அவர் 1913ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1918இல், முதலாம் உலகப் போர் முடிவதற்குச் சில மாதங்களே இருக்கையில், தாமே ஓட்டிச் சென்ற விமானம் விழுந்து அவர் உயிரிழந்தார். அவரிடம் பயின்ற ஹரி றிக்காடோ, தட்டலின் இயல்பை ஆராய்வதிலே பல்லாண்டுகளைச் செலவிட்டவர். நெருக்கிய காற்றை ஊட்டும் எஞ்சினுக்கு நீரையும் சேர்த்து ஊட்டின், வேறெவ்வகையிலும் தாங்கவியலாத அமுக்கத்தையும் அது தாங்கும் என்பதை அவருடைய பரிசோதனைகள் காட்டின.

பரிசோதனைச் சாலையில் இருந்த இம்முறையை வானுக்கு ஏற்றியது இரண்டாம் உலகப் போர். அமெரிக்காவின் தண்டர்போல்ற் போர் விமானத்திற் பூட்டியிருந்தது பிராற் அன்ட் விற்னி நிறுவனத்தின் பதினெட்டு உருளை எஞ்சின், டேர்போவும் உடையது. 2,000 குதிரைவலு தரவல்ல அவ்வெஞ்சின், நீரூட்டல் சேர்ந்தபின் நெருக்கடி வேளையில் 2,300 குதிரைவலுவைத் தந்தது. ஜேர்மானியரும் வாளாவிருந்தாரல்லர். அவர்கள் நீரும் மெதனோல் என்னும் மதுசாரமும் ஏறத்தாழச் சரிபாதியாகக் கலந்த திரவத்தைத் தங்கள் மெசர்ஸ்மித் விமானங்களில் ஏற்றினர். உயரத்துக் குளிரில் நீர் உறைந்துவிடாதிருக்க மதுசாரம் உதவியது. அதுவும் எரியக்கூடியதாதலின் வேறு பயனும் இருந்தது. ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் அதனைப் பயன்படுத்தலாகாது என்பது அங்கு விதி. துரத்தும் பகைவனிடமிருந்து தப்பவோ, தப்பி ஓடுபவனை எட்டிப் பிடிக்கவோ அந்தப் பத்து நிமிடம் போதுமானதே.

விமானத்தின் நீர்த்தாங்கியை நிரப்பியவர் விமானியல்லர் என்பது ஈண்டு கவனிக்கவேண்டியது. ஒவ்வொரு பறப்புக்கும் முன்னர் தாங்கியைப் பார்ப்பதற்கென்றே தரையிற் பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தனர். தாங்கி வெறுமையாக இருக்குமோ என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை.

போர் முடிந்தபின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஒல்ட்ஸ்மொபைல் பிரிவு இந்த வித்தையைக் காருக்குக் கொண்டுவந்தது. ஜெற்பயர் என்று பெயரிட்ட அந்த வண்டி 1962 ஏப்ரலில் நியூ யோர்க் மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 215 கன அங்குலக் கொள்ளளவுடைய, அலுமினியத்தாலான எட்டு உருளை எஞ்சின் அதில் இருந்தது. அது தந்த வலுவும் 215 குதிரைவலுவே. ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரைவலு என்பது அக்காலத்தில் விளம்பரத்துக்கு ஏற்ற கவர்ச்சியான கணக்கு.

அதே நிறுவனத்தின் செவ்ரலே பிரிவும் அவ்வாண்டிலேயே கோர்வெயார் என்னும் காரில் டேர்போவைப் பூட்டியது. ஆயின் அவர்கள் நீரை நாடவில்லை. எஞ்சினின் நெருக்கல் விகிதத்தை எட்டாகக் குறைத்துத் தட்டலைத் தவிர்த்தனர். அது பாதுகாப்பான வழி. ஆனால் டேர்போ வேலை செய்யாத மெதுவோட்டத்தில் அத்தகைய எஞ்சின் சோம்பியிருக்கும். ஒல்ட்ஸ்மொபைல் பொறியியலாளர் அச்சோம்பலை விரும்பவில்லை. நெருக்கல் விகிதத்தை 10.25 என்னும் உயர்ந்த அளவிலேயே வைத்துக்கொண்டு, அதன்மேல் டேர்போவின் அமுக்கத்தையும் ஏற்றினர். நீர் இல்லாவிடின் அவ்வெஞ்சின் தன்னைத் தானே உடைத்துக்கொண்டிருக்கும். துணிச்சலான முடிவுதான், எனினும், அதன் பாரம் முழுவதையும் அவர்கள் ஏற்றிவைத்தது எஞ்சின் அறையில் இருந்த ஒரு சிறு தாங்கியின் மேல்.

அத்தாங்கியில் ஊற்றவேண்டியதற்கு டேர்போ-ரொக்கெற் திரவம் என்று பெயர் சூட்டினர். பெயரின் ஆரவாரத்தை நீக்கிப் பார்த்தால், வடித்த நீரும் மெதனோலும், துருப்பிடியாதிருக்கச் சேர்த்த சிறிதளவு மருந்துமே அது. அதனைச் செலுத்தும் முறையில் நல்ல நுட்பம் இருந்தது. டேர்போ உண்டாக்கும் அமுக்கமே தாங்கியிலுள்ள திரவத்தை அழுத்தி வெளியே தள்ளும். வேகமாக ஓட்டும்போது மாத்திரம் நீர் பாயும். மெதுவாகச் செல்லும்போது ஒரு துளியும் செலவாகாது. திரவம் தீர்ந்துவிட்டால் காற்று வழியில் உள்ள இரண்டாவது தடுப்பிதழ் ஒன்று மூடிக்கொண்டு டேர்போவின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும். இவ்வாறு, உரிமையாளர் மறந்தாலும் எஞ்சின் சாகாதபடி காவல் வைத்தே அனுப்பினர்.

அந்தக் காவலே வினையாயிற்று. திரவம் தீர்ந்ததும் எஞ்சின் உடையவில்லை, வண்டி மந்தமாயிற்று. ரொக்கெற் என்று நம்பி வாங்கிய கார், சில வாரங்களில் அண்டை வீட்டாரின் சாதாரணக் காருக்கும் பின்தங்கியது. பெற்றோல் ஊற்றி, எண்ணெய் பார்த்து, ரேடியேற்றருக்கு நீர் விட்டுப் பழகிய உரிமையாளர் பலருக்கு நான்காவதாக ஒன்றை நினைவில் வைத்திருக்கும் பழக்கமில்லை. வேறு சிலரோ, டேர்போ விழித்தெழும் அளவுக்கு ஒருபோதும் விரைந்து ஓட்டாதவர்கள். அவர்களுடைய வண்டிகளில் அசையாதிருந்த உறுப்புக்கள் இறுகிக்கொண்டன. கசிவுகளும் உண்டாயின. பழுது பார்க்கும் நிலையங்களிற் பணிபுரிந்தோருக்கும் இக்கருவி புதியதே.

1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கான மாதிரிகளாக 9,607 ஜெற்பயர் கார்களே செய்யப்பட்டன. அத்துடன் உற்பத்தி நின்றது. 1965இல், விரும்பும் உரிமையாளருக்கு டேர்போவையும் நீர்க்கருவியையும் கழற்றிவிட்டுச் சாதாரண காபுரேற்றரைப் பூட்டித் தர நிறுவனம் முன்வந்தது. பலர் அதனை ஏற்றனர். அந்த எஞ்சினைக் குறைகூற இடமில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. அதே அலுமினிய எஞ்சினின் உரிமை 1965இல் பிரித்தானியாவின் ரோவர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. டேர்போவும் நீரும் இன்றி, 1970இல் வெளிவந்த ரேஞ்ச் ரோவர் உட்படப் பல வண்டிகளில் அது பல பத்தாண்டுகள் உழைத்தது.

1970களின் பிற்பகுதியில் டேர்போ மீண்டும் கார்களுக்கு வந்தபோது நீர் அதனோடு பெரிதாக வரவில்லை. சுவீடனின் சாப் நிறுவனம் தன் டேர்போக் காருக்கு நீரூட்டும் கருவியை விரும்புவோர்க்கெனச் சில காலம் விற்றது. பந்தயத்தில் ரெனோவும் பெராரியும் 1980களின் தொடக்கத்தில் நீரை நாடின. ஆனால் அதற்குள் வேறிரு கருவிகள் வந்துவிட்டன. ஒன்று, நெருக்கிய காற்றை வெளிக்காற்றாலேயே ஆற்றி அனுப்பும் இடைக்குளிர்த்தி. மற்றொன்று, தட்டல் ஒலியைத் தானே கேட்டு உடனே அமுக்கத்தைக் குறைக்கும் மின்னணுக் காது. சாப் இதனை 1980களின் தொடக்கத்தில் விற்பனைக் கார்களிற் பூட்டியது. இவ்விரண்டும் நீரைவிட வலியன அல்ல. எனினும், இவற்றுக்கு எவரும் எதையும் ஊற்றவேண்டியதில்லை.

பெருநிறுவனங்கள் கைவிட்ட கலையைத் தனியார் பட்டறைகள் விடாது பேணின. கண்ணாடி கழுவும் சிறு பம்பையே கொண்டு தொடங்கியவர் பலர். பிற்காலத்தில் உயர் அமுக்கப் பம்புகளும் நுண்துளை மூக்குகளும் வந்தன. பூட்டும் முறை கேட்பதற்கு எளிது. தாங்கி ஒன்று, பம்பு ஒன்று, டேர்போவின் அமுக்கம் ஓரளவைத் தாண்டியதும் பம்பை இயக்கும் ஆளி ஒன்று, காற்றுக்குழாயில் தூவும் மூக்கு ஒன்று. மூக்கை டேர்போவுக்கு அப்பால், எஞ்சின் பக்கமாகப் பொருத்துவதே வழக்கம். முன்னே பொருத்தினால், பெருவேகத்திற் சுழலும் சக்கரத்தின் விளிம்பை நீர்த்துளிகளே நாளடைவில் அரித்துவிடக்கூடும். கிணற்று நீரின் உப்பு மூக்கை அடைக்குமாதலின் வடித்த நீரே ஏற்றது. நீரின் அளவு பெற்றோலின் நிறையிற் பத்தில் ஒரு பங்குக்கும் நாலில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டிருப்பது பொதுவான கணக்கு. மிஞ்சினால் தீயே அவியத் தொடங்கும்.

இடர் இருப்பது பூட்டுவதில் அன்று. நீர் இருக்கிறதென்ற துணிவில் அமுக்கத்தை ஏற்றி, தீப்பொறியின் நேரத்தையும் முன்னே தள்ளி எஞ்சினைச் சீர்செய்தபின், ஒருநாள் பம்பின் மின்கம்பி கழன்றுவிடுமாயின், ஓட்டுபவருக்குச் செய்தி வருமுன் முசலம் துளைபட்டுவிடும். ஆதலால் கைதேர்ந்தோர், தாங்கியின் நீர்மட்டத்தையும் குழாயில் நீரோட்டத்தையும் அறியும் உணரிகளைச் சேர்த்து, நீர் தவறினால் அமுக்கம் உடனே இறங்கும்படி அமைப்பர். ஜெற்பயரின் இரண்டாவது தடுப்பிதழ் செய்த வேலையும் இதுவே.

அரை நூற்றாண்டுக்குப் பின்னர் பெருநிறுவனம் ஒன்று மீண்டும் துணிந்தது. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2015இல் அறிவித்த எம்4 ஜீ.ரீ.எஸ். என்னும் வண்டியின் பின்புறப் பெட்டியில் ஐந்து லீற்றர் நீர்த்தாங்கி இருந்தது. சாதாரண எம்4இன் 431 குதிரைவலு அதில் 500 ஆயிற்று. எஞ்சினை நிறுத்தியதும் குழாய்களில் எஞ்சிய நீர் தாங்கிக்கே திரும்பிவிடும். பனிக்காலத்தில் உறைந்து குழாய் வெடியாதிருக்க இந்த ஏற்பாடு. 700 வண்டிகளே செய்யப்படும் என அறிவிக்கப்பட்டது. அவற்றை வாங்கியவரோ பந்தயத் திடலில் ஓட்டுவதற்கென்றே வாங்கியவர். நீர் ஊற்றுவதைப் பாரமாக எண்ணாதவர்.

ஏனையோருக்கு என்ன செய்வது என்பதையும் அந்நிறுவனத்தார் எண்ணிப் பார்த்தனர். அதே 2015இல் அவர்கள் காட்டிய வேறொரு பரிசோதனைக் கார் மூன்று உருளை எஞ்சினை உடைய சிறு வண்டி. வெயில் நாடுகளில், குளிரூட்டியை இயக்கி வந்து நிறுத்திய காரின் அடியில் நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து தரையில் தேங்குவதைக் காணலாம். காற்றின் ஈரப்பதன் குளிர்ந்து நீராகி வடிவது அது. உப்போ சுண்ணாம்போ கலவாதது. அதனைத் தரையில் விடாது குழாய் வழியே தாங்கியிற் சேர்த்து, அங்கிருந்தே எஞ்சினுக்கு ஊட்டினர். அந்த வண்டியின் தாங்கிக்கு எவரும் நீர் ஊற்றவேண்டியிருக்கவில்லை.