சாளரக் கண்ணாடியும் வண்ணமும்: ஒரு வரலாற்று நோக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் இன்று புதிதாக எழும்பும் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் காப்பி நிறக் கண்ணாடியோ கறுப்புக் கண்ணாடியோ பொருத்துவது வழக்கமாகிவிட்டது. இதனை நவீன காலத்தின் வரவு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் சாளரத்தில் வண்ணக் கண்ணாடி பதித்து வெயிலைத் தணிக்கும் கலை, முஸ்லிம் நாடுகளில் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பேணப்பட்டு வந்த ஒன்றாகும்.

ஃபலஸ்தீனின் அரீஹா நகருக்கு அருகே உள்ள கிர்பத்துல் மஃப்ஜர், ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த உமைய்யா மாளிகை. அதன் இடிபாடுகளில் சுண்ணச்சாந்துச் சட்டங்களும் அவற்றில் பதிக்கப்பட்டிருந்த வண்ணக் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்துள்ளன. யமனின் ஸன்ஆ நகரில் இத்தகைய சாளரத்திற்கு 'கமரிய்யா' என்று பெயர். கமர் என்றால் சந்திரன். முற்காலத்தில் அங்கே கண்ணாடிக்குப் பதிலாக மெல்லியதாக அறுத்த வெண்கல் தகடுகளைப் பதித்தனர். சுட்டெரிக்கும் வெயில் அத்தகட்டின் வழியே நிலவொளியாக உள்ளே இறங்கியது. வண்ணக் கண்ணாடி பின்னர் வந்தது.

நிறமூட்டும் முறையும் நன்கு அறியப்பட்டிருந்தது. மணலோடு உவர்நிலச் செடிகளின் சாம்பலை உருக்கிக் கண்ணாடி செய்தனர். அச்சாம்பலின் அரபுப் பெயரான 'அல்கலீ' என்பதே ஐரோப்பிய மொழிகளில் காரத்தைக் குறிக்கும் 'ஆல்கலி' ஆயிற்று. கோபால்ட் நீலத்தையும், செம்பு பச்சையையும், மாங்கனீசு ஊதாவையும் தரும். ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் 'அத்துர்ரத்துல் மக்னூனா' என்னும் நூல் கண்ணாடிக்கு நிறமேற்றும் செய்முறைகளை விரிவாகப் பேசுகிறது.

இஸ்தான்பூலில் 1557இல் நிறைவுற்ற சுலைமானிய்யா பள்ளிவாசலில் வண்ணக் கண்ணாடிகள் கிப்லாச் சுவரில் அமைந்துள்ளன. அவற்றைச் செய்தவர் ஸர்ஹோஷ் இப்ராஹீம் என்பர். அடைமொழியின் பொருள் 'குடிகாரர்'. அது எவ்வாறு ஒட்டிக்கொண்டது என்னும் ஆராய்ச்சி நமக்கு வேண்டியதில்லை. உஸ்மானியர் சாளரத்தை இரட்டையாக அமைத்தனர்: வெளிப்புறத்தில் நிறமற்ற கண்ணாடி, உட்புறத்தில் வண்ணக் கண்ணாடி. மழையையும் காற்றையும் வெளிக்கண்ணாடி தாங்க, உட்கண்ணாடி ஒளியை மென்மையாக்கியது.

கிப்லாச் சுவர் என்பது நம் பகுதிக்கு இன்னும் பொருந்தும். இங்கே கிப்லா மேற்கிலிருந்து சற்றே வடக்கு நோக்கியது. ஆகவே அஸர் தொழுகையில் நிற்பவர் சாயும் கதிரவனை ஏறத்தாழ எதிர்கொண்டே நிற்கிறார். மிஹ்ராபின் இருபுறமும் நிறமற்ற கண்ணாடிச் சாளரம் வைத்தால் கண் கூசும். முழுக் கறுப்பாக வைத்தாலோ நண்பகலிலும் மின்விளக்கு எரிய வேண்டியுள்ளது. மேலும் கறுங்கண்ணாடி வெப்பத்தைத் தானே உறிஞ்சி, அதில் ஒரு பகுதியை உள்ளேயே விடுகிறது. மிதமான நிறமே இவ்விடத்திற்கு ஏற்றது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய படலத்தை ஒட்டினால் தரைவிரிப்பும் அலமாரிக் கிதாபுகளும் வெளிறுவது குறையும்.

வீட்டுச் சாளரத்தில் பயன் வேறு. அங்கே முதன்மையானது மறைவு. இப்பகுதி ராவுத்தர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபை ஒட்டி, 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் தொகுக்கப்பட்டது 'மஜல்லா' சட்டநூல். சமையலிடம், கிணற்றடி, முற்றம் போன்ற பெண்கள் புழங்கும் இடத்தை அண்டை வீட்டுச் சாளரம் காண நேர்ந்தால், அது பெருந்தீங்கு என்று அந்நூல் கூறுகிறது. எனினும் சாளரத்தை முற்றாக அடைக்கும்படி வற்புறுத்த இடமில்லை. பார்வை படாதவாறு சுவரோ தட்டியோ வைத்தால் போதும். ஆள் உயரத்திற்கு மேலுள்ள சாளரத்தை, ஏணி வைத்துப் பார்ப்பாரே என்று அஞ்சி மூடச் சொல்லவும் முடியாது. ஒளி ஒருவருக்கு உரிமை, மறைவு மற்றவருக்கு உரிமை. இரண்டையும் அன்றைய ஃபுகஹாக்கள் எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறிந்தனர்!

இன்றைய கண்ணாடிகளில் இதற்கு மாறான மயக்கம் ஒன்று உண்டு. வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது என்று சொல்லி விற்கப்படும் ஆடிபோன்ற கண்ணாடி, உண்மையில் ஒளி மிகுந்த பக்கத்திலேயே ஆடியாகிறது. பகலில் வெளிச்சம் தெருவில். எனவே வீடு மறைந்திருக்கும். மஃரிபுக்குப்பின் வீட்டில் விளக்கேற்றியதும் நிலை தலைகீழாகிறது: உள்ளிருப்பவர் தம் உருவத்தையே காண்கிறார், தெருவில் செல்பவரோ அறையைக் காண்கிறார். மறைவு இருக்கிறது என்று நம்பித் திரைச்சீலையைக் கழற்றிவிட்ட வீடுகளை உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் காணலாம். இதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

வாகனக் கண்ணாடியில் பொதுநலமும் சேர்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை விட வேண்டும் என்கிறது. 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், குற்றத் தடுப்பையும் சாலைப் பாதுகாப்பையும் கருதி, கறுப்புப் படலம் ஒட்டுவதையே தடை செய்தது. பின்னர் விதி திருத்தப்பட்டது. அதனடிப்படையில் 2024இல் கேரள உயர் நீதிமன்றம், மேற்கண்ட அளவுக்கு உட்பட்ட படலத்திற்குத் தண்டம் விதிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே நாள்தோறும் மலையேறும் நம்மவர், படலம் ஒட்டும்முன் அந்த 70, 50 என்னும் அளவுகளைக் கேட்டறிந்து, சான்றையும் பெற்றுக்கொள்வது நலம்.