ஹிப் ஹாப் ஒலிநாடாப் புழக்கம்

நியூயார்க் நகரில் 1970களில் தோன்றிய ஹிப் ஹாப் இசையின் நேரடி நிகழ்ச்சிப் பதிவுகள், நள்ளிரவு வானொலி ஒலிபரப்புகள், நிறுவனங்கள் வெளியிடாமல் விட்ட பாடல்கள், கலைஞர்கள் வாய்ப்புத் தேடி அனுப்பிய டெமோ என்னும் மாதிரிப் பதிவுகள் ஆகியவை, கடைகளின் வழியாக அன்றிக் கேட்பவர் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கேசட்டுகளாகவும், பின்னாளில் கணினிக் கோப்புகளாகவும் கைமாறி வந்த வழக்கமே இங்கு ஒலிநாடாப் புழக்கம் எனக் குறிக்கப்படுகிறது. வணிக இசையின் ஓரத்தில் நடந்த பொழுதுபோக்காகவே இது நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும் ஹிப் ஹாப்பின் முதல் ஆறு ஆண்டுகளுக்கு இசைத்தட்டுச் சான்று எதுவுமே இல்லாத நிலையில், அதன் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இந்த நாடாக்களைக் கடந்து செல்ல இயலாது.

பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520 என்ற முகவரியில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், 1973 ஆகஸ்ட் 11 அன்று டி.ஜே. கூல் ஹெர்க் நடத்திய விருந்து இந்த இசையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஒரு பாட்டில் குரலும் பிற கருவிகளும் அடங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிப் பகுதிக்கு ‘பிரேக்’ என்று பெயர். இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளைக் கொண்டு அந்தப் பகுதியை மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்வது டி.ஜே.யின் வேலை, அதன்மேல் எதுகையும் சந்தமும் அமைந்த வரிகளைப் பேச்சோசையில் சொல்லிக் கூட்டத்தை ஆடவைப்பது எம்.சி.யின் வேலை. இரண்டுமே கூட்டத்தின் முன்னிலையில் அந்த நேரத்தில் நிகழ்பவை என்பதால், அவற்றைத் தட்டில் பதித்து விற்கலாம் என்ற எண்ணம் அக்கலைஞர்களில் பெரும்பாலோருக்கு 1979 வரை எழவில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டும், அதைப் பதிவு செய்யவும் ஒலிக்கவும் வல்ல கையடக்கக் கருவியும் அந்த இடைவெளியை நிரப்பின.

இப்பதிவுகள் இரு வகைப்பட்டவை. டி.ஜே.யின் கலவைக் கருவியிலிருந்து கம்பி வழியாக நேரே எடுக்கப்பட்டவற்றில் இசை தெளிவாகவும் கூட்டத்தின் ஓசை மங்கலாகவும் இருக்கும். கூட்டத்தின் நடுவே கருவியைத் தூக்கிப் பிடித்து எடுக்கப்பட்டவற்றிலோ இசை கலங்கியிருந்தாலும், எந்த வரிக்கு ஆரவாரம் எழுந்தது, எப்போது ஒலிபெருக்கி பழுதானது, வாயிலில் என்ன சச்சரவு நடந்தது என்பவையெல்லாம் கேட்கும். சேகரிப்போர் முதல் வகையையே நாடுகின்றனர். வரலாற்று ஆய்வாளருக்கு இரண்டாவதே கூடுதல் பயன் தருவது. ஹார்லெம் வேர்ல்ட், டி-கனெக்‌ஷன், டிஸ்கோ ஃபீவர் முதலிய கூடங்களில் எடுக்கப்பட்ட நாடாக்களைக் குழுவினரே படியெடுத்து விற்றனர். ஓ.ஜே. என்ற வாடகைக் கார் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் அவற்றைத் தங்கள் வண்டிகளில் ஒலிக்கவிட்டதால், வானொலியில் பெரிதும் இடம்பெறாத கோல்ட் க்ரஷ் பிரதர்ஸ் போன்ற குழுக்களின் வரிகள் நகரின் பல பகுதிகளிலும் மனப்பாடமாயின.

எம்.சி.யின் பேச்சோசைப் பாட்டான ராப் இசையை உலகறியச் செய்த ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற 1979ஆம் ஆண்டு இசைத்தட்டே ஒருவகையில் இந்தப் புழக்கத்தின் விளைவு எனலாம். சுகர் ஹில் நிறுவனத்தின் உரிமையாளர் சில்வியா ராபின்சன் பாடகர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் நகரில் ஒரு பீட்சா கடையில் வேலை செய்த பிக் பாங்க் ஹாங்க், பிராங்ஸ் நாடா ஒன்றை ஒலிக்கவிட்டு அதனுடன் சேர்ந்து பாடிக்கொண்டிருந்ததாகவும், அவரை அங்கேயே தேர்வு செய்ததாகவும் கூறப்படுகிறது. அவர் அத்தட்டில் பாடிய பகுதியில் கணிசமானது கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியது. தம் பழைய மேடைப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும் வகையில் காஸ் அமைத்திருந்த வரியையும் ஹாங்க் மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார். திருட்டுக்கு இதைவிட வெளிப்படையான சான்று இசை வரலாற்றில் அரிது. காஸுக்குப் பெயரும் கிடைக்கவில்லை, பங்கும் கிடைக்கவில்லை.

ஹார்லெம் வேர்ல்டில் 1981 டிசம்பரில் பிஸி பீ, கூல் மோ டீ ஆகிய இருவருக்கும் நடந்த சொற்போரின் நாடா, ஹாங்க் ஒலிக்கவிட்ட நாடாவுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கது. கூட்டத்தைக் கூவவைக்கும் எளிய சொல்விளையாட்டில் வல்லவரான பிஸி பீயை, செறிவான எதுகைகளால் தொடுத்த வசையால் மோ டீ திணறடித்த அந்தச் சில நிமிடங்கள் அக்காலத்தில் இசைத்தட்டாக வெளிவரவில்லை. படிக்குப் படியாகப் பரவிய கேசட்டே எம்.சி. என்பவர் விருந்தை நடத்துபவர் மட்டுமல்லர், சொல்லைக் கட்டுபவர் என்ற மதிப்பீட்டை இளையோரிடம் கொண்டு சேர்த்தது.

வானொலிப் பதிவுகளின் தோற்றம் இந்த நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளினின்று வேறுபட்டது. நியூயார்க்கில் 105.9 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பிய டபிள்யூ.ஹெச்.பி.ஐ. நிலையம் தன் நேரத்தைத் துண்டுகளாக விற்றது. பணம் செலுத்தியவர் எவரும் தம் நிகழ்ச்சியை நடத்தலாம். மிஸ்டர் மேஜிக் என்ற ஜான் ரிவாஸ் 1970களின் இறுதியில் அவ்வாறு நேரம் வாங்கியே ராப் இசையை ஒலிபரப்பத் தொடங்கினார். பின்னர் பெரிய வணிக நிலையமான டபிள்யூ.பி.எல்.எஸ். அவரை அழைத்துக்கொள்ள, அங்கு மார்லி மார்லின் துணையுடன் அவர் நடத்திய ‘ராப் அட்டாக்’ நிகழ்ச்சியும், 98.7 கிஸ் நிலையத்தில் 1983 முதல் கூல் டி.ஜே. ரெட் அலர்ட் நடத்திய நிகழ்ச்சியும் வார இறுதி இரவுகளில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. குவீன்ஸ்பிரிட்ஜ் குழுவினர் மேஜிக்கின் பக்கமும், கே.ஆர்.எஸ். ஒன் முதலிய தென் பிராங்ஸ் குழுவினர் ரெட் அலர்ட்டின் பக்கமும் நின்று பாட்டுக்குப் பாட்டு பதில் சொன்ன பூசலை, பின்னர் வந்த தட்டுகளைவிட அந்த வாரங்களின் ஒலிபரப்பு நாடாக்களில்தான் முழுமையாகப் பின்தொடர முடியும். மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலீஸின் கே.டே நிலையம் 1983இல் கிரெக் மேக் பொறுப்பேற்றபின் ராப் இசைக்கே முதலிடம் தந்து, 1991இல் வேறு வகை நிகழ்ச்சிகளுக்கு மாறும்வரை அவ்வாறே நீடித்தது. அது மத்திய அலையில் ஒலிபரப்பியதால் அதன் பதிவுகள் தகரக் குரலுடன் ஒலிப்பது இயல்பு. அக்குறையைக் கொண்டே அவற்றை அடையாளம் காண்போரும் உண்டு.

சேகரிப்போர் உலகில் மிக அதிகமாகத் தேடப்படுவது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.கே.சி.ஆர். நிலையத்தில் 1990 முதல் 1998 வரை ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங், பாபிட்டோ கார்சியா ஆகிய இருவரும் நடத்திய நிகழ்ச்சியாகும். ஜாஸ் இசைக்குப் பேர்பெற்ற அந்த மாணவர் நிலையத்தில் வியாழன் இரவு கடந்து ஒரு மணிக்குத் தொடங்கி விடியற்காலை ஐந்து மணிவரை ஒலித்த அதற்கு விளம்பரதாரரும் இல்லை, இன்ன பாட்டைத்தான் போட வேண்டும் என்று பணிக்கும் மேலாளரும் இல்லை. ஆபாசச் சொற்கள் தொடர்பான அமெரிக்க ஒலிபரப்பு விதி இரவு பத்து முதல் காலை ஆறு வரை தளர்ந்திருந்ததும் அந்நேரத்திற்கு ஓர் அனுகூலம். நாஸ், நொட்டோரியஸ் பி.ஐ.ஜி., வு-டாங் கிளான் முதலியோர் தங்கள் முதல் தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே அங்கு வந்து பாடினர். பிக் எல், ஜே-சி இருவரும் 1995இல் மாறி மாறிப் பாடிய ஃப்ரீஸ்டைல் இன்றளவும் மிகுதியாகப் படியெடுக்கப்படும் வானொலிப் பதிவுகளுள் ஒன்று. ஃப்ரீஸ்டைல் என்பது அந்தக் கணத்தில் கட்டிப் பாடுவது என்று விளக்கப்பட்டாலும், நடைமுறையில் முன்பே எழுதிவைத்து எங்கும் வெளியிடாத வரிகளைப் பாடுவதும் அப்பெயரையே பெற்றது. பிக் எல் 1999இல் சுட்டுக் கொல்லப்பட்டபின், அவர் விட்டுச்சென்ற சிறிய தொகுதியில் இத்தகைய வானொலிப் பதிவுகள் பெறும் இடம் மிகப் பெரிதாயிற்று.

நான்கு மணிநேர நிகழ்ச்சியைப் பிடிப்பது எளிதன்று. 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடமே ஓடும் என்பதால், கேட்பவர் விழித்திருந்து பக்கம் மாற்ற வேண்டும். 120 நிமிட நாடாவோ மெல்லியது, இழுபடும், கருவிக்குள் சிக்கிக்கொள்ளும். பள்ளிக்குச் செல்ல வேண்டிய சிறுவர்கள் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு உறங்கிப்போனதால், நிகழ்ச்சியின் முற்பகுதி பலரிடமும் இருக்க, இறுதி ஒரு மணிநேரம் அரிதாகவே கிடைக்கிறது. நாடாவை மிச்சப்படுத்தப் பேச்சின்போது பதிவை நிறுத்தி, பாட்டின்போது மட்டும் தொடர்ந்தவர்களும் இருந்தனர். ஸ்டுடியோவில் நடந்த கேலிப் பேச்சும் தொலைபேசியில் வந்த நேயர்களின் சண்டையும் அந்த நிகழ்ச்சியின் உயிர் என்று இன்று கருதப்படுவதால், அவர்களின் சிக்கனம் வருந்தத்தக்க இழப்பாகிவிட்டது.

வெளியிடப்படாத தொகுப்புகளும் இதே வழியில்தான் பிழைத்தன. கே.எம்.டி. குழுவின் ‘பிளாக் பாஸ்டர்ட்ஸ்’ தொகுப்பு 1994இல் வெளிவரவிருந்த நிலையில், அதன் அட்டைப்படம் குறித்த சர்ச்சையால் எலெக்ட்ரா நிறுவனம் அதைக் கைவிட்டுக் குழுவையும் நீக்கியது. உரிமம் பெறாமல் அச்சிடப்படும் பூட்லெக் படிகளாக அது பல ஆண்டுகள் சுற்றிவந்த பிறகே முறையாக வெளியாயிற்று. அக்குழுவிலிருந்து மீண்டுவந்த கலைஞரே பின்னாளில் எம்.எஃப். டூம் எனப் புகழ்பெற்றவர். 1999இல் வந்த அவரது முதல் தனித் தொகுப்பை வெளியிட்டது பாபிட்டோவின் சிறு நிறுவனமான ஃபாண்டில் எம் ஆகும். சிற்றளவில் அச்சிடப்பட்ட தட்டுகள் சேகரிப்போர் தேடும் மற்றொரு வகை. ஓவியர் பாஸ்கியா அட்டை வரைந்து 1983இல் வெளியிட்ட ராமெல்சீ, கே-ராப் இருவரின் ‘பீட் பாப்’ முதற்பதிப்பு ஏறத்தாழ 500 படிகளே அச்சானது. அதன் இன்றைய விலைக்கு இசையைவிட ஓவியமே பெரிதும் காரணம். 1980களின் இறுதியில் சிறு நகரங்களில் சொந்தச் செலவில் அச்சிடப்பட்டு உள்ளூரைத் தாண்டாத தட்டுகளைச் சேகரிப்போர் ‘ரேண்டம் ராப்’ என்கின்றனர்.

ஒரு நாடாவின் காலத்தையும் நம்பகத்தையும் தீர்மானிப்பது தனிக் கலையாக வளர்ந்துள்ளது. உறையில் எழுதப்பட்ட தேதிகள் பெரும்பாலும் பின்னர் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. ஆகவே நிகழ்ச்சியில் புதியது என அறிவிக்கப்படும் பாட்டின் வெளியீட்டு மாதம், இடையில் வரும் விளம்பரம், அறிவிப்பாளர் குறிப்பிடும் கச்சேரியோ விளையாட்டுப் போட்டியோ ஆகியவற்றைக் கொண்டு கால எல்லை வகுக்கப்படுகிறது. நேரடி நிகழ்ச்சிகளுக்கு, பட்டி எஸ்கொயர் போன்றோர் வரைந்த விளம்பரத் துண்டறிக்கைகள் கல்வெட்டுக்கு நிகரான சான்றாகின்றன. வேகம் பிறழ்ந்த பதிவுகளைத் திருத்த, பின்னணியில் கேட்கும் மின்சார முரலொலி துணை செய்கிறது. அமெரிக்க மின்னோட்டத்தின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் என்பதால், அது 62ஆக ஒலித்தால் நாடா விரைந்து ஓடுகிறது என்று பொருள். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு படியும் ஒரு ‘தலைமுறை’ எனப்படும். தலைமுறை கூடக்கூட இரைச்சல் கூடி உச்ச ஒலிகள் மங்கும். மூலத்திற்கு அண்மையிலுள்ள படியை, ஒலித்தரத்தைக் குறைக்காத ஃபிளாக் போன்ற கோப்பாக மாற்றி, அது வந்த வழியையும் குறித்துப் பகிர்வதே முறையான பகிர்வு என்று தேர்ந்தோர் கருதுகின்றனர். ஒலித்தரம் குறைந்த எம்.பி.3 கோப்பை ஃபிளாக்காக மாற்றி மூலப்படி என்று சொல்வது இவ்வுலகில் மன்னிக்கப்படாத குற்றம்.

பகிர்வதா, பூட்டிவைப்பதா என்ற பிணக்கும் பழையது. தம்மிடம் மட்டுமே உள்ள நாடாவால் மதிப்புப் பெறுபவர், அது பரவினால் அம்மதிப்பு போய்விடும் என்று அஞ்சுகிறார். சிலர் தாம் தந்த படியை அடையாளம் காண்பதற்காக இடையிடையே தம் குரலைச் சேர்த்துப் பதிவையே சிதைத்துள்ளனர். கலைஞர் தரப்பின் மனக்குறை இதைவிட நியாயமானது: தாம் ஊதியமின்றிப் பாடிய இரவை மற்றொருவர் விலைக்கு விற்பதை அவர்கள் ஏற்காததில் வியப்பில்லை.

அமெரிக்கச் சட்டம் 1972 பிப்ரவரி 15 முதல் ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிக் காப்புரிமை அளிப்பதால், ஹிப் ஹாப்பின் பதிவுகள் ஏறத்தாழ அனைத்தும் அதன் எல்லைக்குள் வருகின்றன. இணக்கமின்றி நேரடி இசை நிகழ்ச்சியைப் பதிவு செய்து விற்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அட்லாண்டாவில் 2007 ஜனவரியில் டி.ஜே. டிராமாவின் அலுவலகத்தில் காவல்துறை புகுந்து ஏறத்தாழ 81,000 குறுந்தட்டுகளைக் கைப்பற்றியபோது, டி.ஜே.க்கள் தொகுத்துப் புழங்கவிடும் அத்தகைய மிக்ஸ்டேப்புகளை விளம்பரத்திற்காக இசை நிறுவனங்களே ஊக்குவித்து வந்தன என்ற முரண் வெளிப்பட்டது. மறுபுறம், கார்னெல் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ஹிப் ஹாப் தொகுப்பு நாடாக்களையும் துண்டறிக்கைகளையும் ஆவணங்களாக ஏற்றுப் பாதுகாக்கிறது. ஆனால் வெளியிடப்படாத படைப்புகளை நூலகங்கள் பாதுகாப்புக்காக மூன்று படிகள் வரை எடுக்கலாமே தவிர, அவற்றின் எண்ணிமப் படியை வளாகத்திற்கு வெளியே பொதுமக்களுக்குத் தரலாகாது என்று சட்டம் வரையறுக்கிறது. நிறுவனத்தின் பெயரில் 1979இல் வெளியான ஒரு பதிவின் உரிமைக்காலம் 95 ஆண்டுகள் என்ற கணக்கில் 2074 இறுதிவரை நீளும். காந்தப் பூச்சு உதிரும் கேசட்டுகள் அதுவரை தாங்கா என்பதால், உரிமம் இல்லாத தனியார் படிகளே பல ஒலிபரப்புகளுக்கு எஞ்சும் ஒரே சான்றாக இருக்கும்.